ஊதாத விசில்

சிவகாசிக்காரன் வீட்டில் டைரிக்குப் பஞ்சமே கிடையாது ஐயா. நான் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். வருஷத்துக்கு நாலு சும்மாவே கைக்கு வரும். கபடி நடுவர் பயிற்சியில், அன்றன்றைக்குச் செய்த தப்பை அன்றன்றே எழுதிவைத்தால் ஆள் தேறிவிடுவான் என்றார்கள். எழுதினேன், தேறவும் செய்தேன்.

ஆமத்தூர் போட்டியில் முத்துப்பாண்டி கபடிப் பாட்டை நடுவில் விட்டுவிட்டான் என்று விசில் ஊதி அவனை வெளியேற்றினேன். விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்கிறவன், நல்ல ஆட்டக்காரன். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏலே, மிஷின் சத்தத்துல அண்ணனுக்குக் காது போயிருச்சுலே. அவரைச் சொல்லிக் குத்தமில்ல" என்றான். அவன் பாட்டை விடவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று சாயங்காலமே டைரியில் எழுதிவிட்டேன். அவனிடம்தான் சொல்லவில்லை.

செவிட்டு ரெஃப்ரி என்ற பேர் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. என் மகள் அழகுமீனாவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனவர்கள், காது மந்தம் பரம்பரையாக வருமோ என்று கேட்டு விலகிக்கொண்டார்கள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதன்பின் டைரியில் முத்துப்பாண்டியைப் பற்றியும் எழுதினேன். மருந்துத் தூசி நெஞ்சில் ஏறியவன். இருபது நொடிக்குமேல் பாட்டு மெலியும். பிடிபட்டவனின் பாட்டு நின்றதும் நடுவர் ஊத வேண்டும். ஊதும்வரை மேலே விழுந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். சின்னப் போட்டிகளில் ஒரு நொடி தாமதித்துப் பார்த்தேன், பிறகு மூன்று, பிறகு ஆறு. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

போன ஞாயிறு ஏழு பேர் அவன்மேல் கிடந்தார்கள். பாட்டு நின்றது. அவன் மனைவி செல்வலட்சுமி கோட்டோரம் ஓடிவந்து, "ஊதுங்கண்ணே, அவுகளுக்கு நெஞ்சு ஆகாதுண்ணே" என்றாள். மனசுக்குள் நாற்பதுவரை எண்ணிவிட்டுத்தான் ஊதினேன். ஏழு பேரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

வக்கீல் நல்ல மனிதர். "காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுருவாக" என்கிறார். அதைச் சொல்லவா இத்தனை பாடுபட்டேன்? எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பாட்டு நின்றது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் சொன்னதும் கேட்டது. என் காதில் ஒரு குறையும் கிடையாது. இனி அழகுமீனாவைப் பெண் கேட்டு வருவார்கள்.