நோன்பு நாளில் கோழிச்சாறு

— முடியாது போனேத். சூரியன் மறையற வரைக்கும் என் நாக்குல ஒரு சொட்டுப் படாது.

— சூரியனுக்கு முன்னாடி நீ மறைஞ்சிடுவ போலிருக்கே மச்சீர். காலையில ஜெபக்கூடத்துல மயங்கி விழுந்திருக்க. நாடி நூலா ஓடுது.

— தோல்சா, இவனை யாரு உள்ள விட்டது?

— கட்டின பொண்டாட்டி நான்தான் விட்டேன். வைத்தியர் வராம, பாடை தூக்கறவங்க வரணுமா?

— மச்சீர், உயிருக்கு ஆபத்துன்னு வைத்தியன் சொன்னா நோன்பை விடணும். நீயும் நானும் ஒரே பெஞ்சில உக்காந்து படிச்ச யூதச் சட்டம்தான்.

— வைத்தியன் நம்பிக்கை உள்ளவனா இருக்கணும்டா. கிரேக்கத் தத்துவஞானியைப் படிக்கிறவன் பேச்சு செல்லாது, அவனுக்கு யாரும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு இந்த ஊர் மதகுருவா, ரப்பியா தீர்ப்புச் சொன்னதே நான்தான். இப்ப உன் பேச்சைக் கேட்டுக் குடிச்சா லூனெல் ஊரே சிரிக்கும்.

— சிரிச்சா சிரிக்கட்டும். நீ உயிரோட இருந்து அதைக் கேளு.

— பேச்சை மாத்தாத. நீ நம்பிக்கை உள்ளவன்னா சொல்லு: உலகத்துக்கு ஆரம்பம் உண்டா, இல்லையா?

— உண்டு.

— உன் கிரேக்கன் இல்லைங்கறானே?

— சொன்னான், நிரூபிக்கல. அதனால அந்த இடத்துல வேதத்தைப் பிடிச்சுக்கிட்டேன். காய்ச்சல் உடம்பு தண்ணியில்லாம வத்திடும்னும் அவன் சொன்னான். அதை என் கண்ணால பாத்திருக்கேன், அதனால அதை விடல. பிரிச்சுப் பாக்கற புத்தியைக் கொடுத்தவர் நம்ம கடவுள்தானே? கொடுத்ததைப் பரண்ல போட்டு வைக்கச் சொன்னாரா?

— கடவுளுக்குக் காது கிடையாதுன்னு பேசினியே. அப்ப யாருகிட்டடா ஜெபம் பண்ற?

— மனுஷக் காது கிடையாதுன்னேன். ஜெபம் அவரை மாத்தறதுக்கு இல்ல, நம்மைத் திருத்திக்கறதுக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்.

— இருந்தேன்னா? இப்ப?

— நீ விழுந்துட்டன்னு கேள்விப்பட்டதும், காதாவது ஒண்ணாவது... வழி பூரா அவர்கிட்டக் கெஞ்சிக்கிட்டேதான் ஓடி வந்தேன்.

— என்னன்னு கெஞ்சின?

— இந்தப் பிடிவாதக்காரனை விட்டுடு, சண்டை போட எனக்கு வேற ஆள் இல்லன்னு.

— அழறியாடா?

— வேர்வை.

— அண்ணே, உங்களுக்கும் உதடு காஞ்சிருக்கு. நேத்துச் சாயங்காலத்துலேருந்து நீங்களும் பச்சத்தண்ணி கூடக் குடிக்கலையா?

— நோன்பு நாளாச்சேம்மா, நான் எப்படிக் குடிப்பேன்?

— அப்ப நீயும் நம்பிக்கை உள்ளவன்தான். தோல்சா, அந்தக் கோழிச்சாறு இன்னும் சூடா இருக்கா?

— நேத்து நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடி வச்சது. அடுப்புச் சாம்பல்ல வெதுவெதுன்னு இருக்கு. இந்தாங்க.

— மெதுவா மச்சீர். மடக்கு மடக்கா, இடைவெளி விட்டுக் குடி.

— உப்புக் கம்மி.

— நாக்கு வேலை செய்யுது. பொழச்சுக்குவ.

— இப்ப இவன் பேச்சை நம்பிக் குடிச்சாச்சு. அப்ப என் தீர்ப்பு எப்படி நிக்கும்? ஜெபக்கூடத்துக்குப் போ தோல்சா. போனேத் மேல போட்ட தடையை ரப்பி எடுத்துட்டார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா.

— காலையிலேயே உங்க பேரைச் சொல்லி அறிவிச்சுட்டேங்க. இல்லன்னா அண்ணனை யாரு இந்தத் தெருவுக்குள்ள விட்டிருப்பா?