பட்டனை அமுக்காமல் சொன்னது

— மெதுவா வாங்க மேடம், காலடியில ஒயர் கிடக்கு. இன்னும் பெருக்கல.

— இங்க வரப் போற பல் ஆஸ்பத்திரிக்கு அதுக்குள்ள வாசல்ல போர்டு மாட்டிட்டாங்களே ஆபரேட்டர் சார்! இதே இடத்துல இருந்த நம்ம ரேடியோ ஸ்டேஷனுக்கு ஒரு போர்டு வைக்க மேனேஜர் எத்தனை மாசம் யோசிச்சாரு?

— பல் டாக்டருக்கு அவசரம். ஒயரிங் வேலையை எனக்குக் குடுத்திருக்காரு. நாளைக்குக் காலையில உங்க ரூமுக்கும் என் ரூமுக்கும் நடுவுல இருக்கற இந்தக் கண்ணாடியைக் கழட்டறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போங்கன்னுதான் போன் பண்ணேன். அவ்ளோதான் விஷயம்.

— இந்த 'அவ்ளோதான் விஷயம்' இன்னும் உங்களை விட்டுப் போகலையா?

— அது என்னோடதான் போகும்.

— ஐயோ, என் நாற்காலி! இன்னும் அதே கிறீச்சு. மைக் முன்னாடி நான் மூச்சு விடவே யோசிப்பேன், இது மட்டும் கூசாம கத்தும்.

— முதலாளிங்க சண்டையில இத்தனை வருஷம் பூட்டியே கிடந்துதா, எல்லாம் அப்படியே இருக்கு. அந்த நாற்காலிச் சத்தத்தைக் கேட்டு ஒருத்தரு, ஸ்டேஷன்ல கிளி வளக்கறீங்களான்னு போன் பண்ணாரே, ஞாபகம் இருக்கா?

— நம்ம டெய்லரு! தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டே பேசுவாரு. தினமும் அதே பாட்டு வேணும்பாரு.

— "இன்னைக்கும் அதானா அண்ணே?"ன்னு நீங்க கேட்டுட்டீங்க. ஊரே சிரிச்சுது. மறுநாள் வேற பாட்டு கேட்டாரு, பாவம். அதுக்கு அடுத்த நாள் மறுபடியும் அதே பாட்டு.

— யாரு வீட்ல குழந்தை பிறந்தாலும், யாரு சைக்கிள் தொலைஞ்சாலும் நம்மகிட்டதான் முதல்ல சொல்லுவாங்க. இப்ப என் பொண்ணு போன்ல நினைச்ச பாட்டு நினைச்ச நேரம் வருது. எனக்கு அது வேண்டாம் சார். அடுத்து என்ன வருமோன்னு ஜனங்க காத்துக்கிட்டே சோத்துல கைய வச்சபடி உக்காந்திருப்பாங்களே, அது வேணும். அதுக்கு ஏங்கிப் போயிட்டேன்.

— எனக்கு அந்தக் காத்திருப்பெல்லாம் இல்ல. கேசட்டு என் கையிலதானே இருந்தது.

— கிண்டலா? ஒரு நாளாவது ஃபேன் போட விட்டிருக்கீங்களா? வேர்த்து ஊத்தும் எனக்கு.

— ஃபேன் சத்தம் மைக்ல ஏறும். உங்க வளையல் சத்தமே ஏறுச்சு. அப்புறம் நீங்களே கழட்டி இந்த மேஜை ஓரத்துல வச்சுட்டுத்தான் பேச ஆரம்பிப்பீங்க. பச்சை வளையல். அதுல ஒண்ணு லேசா விரிசல் விட்டிருக்கும்.

— அதெல்லாமா ஞாபகம் வச்சிருக்கீங்க?

— சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாக்கறது என் வேலை. அவ்ளோதான் விஷயம்.

— இந்த ஹெட்போனைக் கூடத் துடைச்சு ஆணியில மாட்டியிருக்கு. காலையிலேயே வந்துட்டீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு.

— ஒரு சின்ன ஒயர் வேலை இருந்தது. அதை விடுங்க.

— பதினோரு வருஷம் ஒண்ணா வேலை பாத்திருக்கோம், எதிரெதிரா உக்காந்து பேசினது கிடையாது. எல்லாம் கண்ணாடி வழியா கைஜாடைதான். ரப்பரை இழுக்கற மாதிரி காட்டினா இன்னும் பேசு. கழுத்தை அறுக்கற மாதிரி காட்டினா நிறுத்து.

— கழுத்தறுப்புதான் நிறைய. நீங்க ஆரம்பிச்சா நிறுத்துவீங்களா?

— ஸ்டேஷனை மூடின கடைசி நாள் மட்டும் ஜாடையே காட்டல. கடைசிப் பாட்டு ஓடிட்டிருந்தது. நேயர்களுக்கு வணக்கம் சொல்லிட்டு, அழுகைய அடக்கிக்கிட்டு நிமிர்ந்தேன். அந்தப் பக்கம் நின்னு என்னமோ சொன்னீங்க. பேசற பட்டனை அமுக்கல. அதை அமுக்கினாத்தானே உங்க குரல் என் ஹெட்போன்ல விழும்? என்ன சொன்னீங்க?

— இதைக் கேக்கவா வந்தீங்க?

— ஆமா. நாளைக்குக் கண்ணாடியே போயிடும். அப்புறம் என்ன சாக்கு வச்சுக்கிட்டு வந்து கேப்பேன்?

— பாட்டு முடியப் போகுதுன்னு சொல்லியிருப்பேன்.

— அதுக்கு ஜாடை இருக்கே.

— ஸ்டேஷனை மூடறாங்களே, வருத்தமா இருக்குன்னு...

— பொய் சொல்லும்போது இன்னும் மூக்கைத் தேய்க்கறீங்க சார்.

— அன்னைக்கு, அதுக்கு அடுத்த வாரம் உங்களுக்குக் கல்யாணம் மேடம். பத்திரிகையை என் மேஜையிலதான் வச்சுட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் நான் சொல்லி என்ன ஆகப் போகுது? உங்க காதுல விழக் கூடாதுன்னுதான் பட்டனை அமுக்கல. அவ்ளோ... விடுங்க.

— என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் அக்கா வீட்டு மாடியில தனியா இருக்கீங்க. இப்ப யாருக்குப் பயம்?

— வயசாச்சு மேடம்.

— எனக்கு மட்டும் குறைஞ்சுதாக்கும்! கேளுங்க சார். சத்தமே இல்லாம அத்தனை வருஷம் உங்க வாயைப் பாத்துக்கிட்டே இருந்தவ நான். நீங்க சொன்னது எனக்கு அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. ஒரு சொல் விடாம.

— புரிஞ்சுதா? அப்புறம் ஏன் கேக்கறீங்க?

— அவரோட நல்லாத்தான் வாழ்ந்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனா ரேடியோக்காரி சார் நான். சத்தம் வராத பேச்சு எனக்குப் பாதிப் பேச்சுதான். ஒரே ஒரு தடவை அதை உங்க குரல்ல கேட்டுடணும்னு இருக்கு. என்ன பண்றது, அந்தப் பட்டன் செத்துப் போய் எத்தனை காலம் ஆச்சோ.

— சாகல மேடம். காலையில அந்த ஒயரைச் சேக்கத்தான் வந்தேன். ஹெட்போனை மாட்டிக்குங்க, நான் அந்தப் பக்கம் போறேன்.