கலப்பில்லாத பூட்டு

வீட்டு வைஃபைக்கு எந்தப் பூட்டுப் போடுவது என்பதைப் பலர் ரூட்டர் மாட்ட வந்தவரிடமே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. தெருக்கதவின் தாழ்ப்பாளை யாரும் தபால்காரரிடம் விடுவதில்லை. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் என் பொறுப்பு. ஆகவே இதுவும் என் பொறுப்பு. கேட்டுவிட்டீர்கள், முறையாகச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், எழுத்து நன்றாக வரும்.

என் தம்பியை அறுபத்தெட்டு வயதிலும் தெருவே வாண்டு என்றுதான் கூப்பிட்டது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றான், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. போன வருடம் யாரோ அவனுக்குப் போனில் நேரலை பேசக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாயங்காலமானால் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் குடும்பக் கதைகளை உலகத்துக்குச் சொல்ல ஆரம்பித்தான்.

கூடத்தில் அப்பாவின் படம் இருக்கிறதே, மார்பில் பதக்கத்தோடு. அந்தப் பதக்கம் எங்கள் வீட்டு நாய் ஒரு கண்காட்சியில் வாங்கியது என்று சொன்னான். அது உண்மை என்பது வேறு விஷயம். அடுத்த முறை வந்த என் சம்பந்தி அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்று, "ஓட்டத்துக்குக் குடுத்ததா, மோப்பத்துக்கா?" என்று கேட்டார்.

இணைப்பையே துண்டித்தேன். அவன் எதிரே இருந்த தையல்கடையில் போய் உட்கார்ந்து பேசினான். அங்கே கூடச் சேர்ந்து சிரிக்க ஆட்களும் இருந்தார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. "ஐயா, உங்க தம்பியோட பெட்டி எங்ககூடப் பேச மாட்டேங்குது. வீட்ல நெட் போயிடுச்சா?"

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பியின் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். துடிப்பு தடுமாறினால் கட்டிலருகே இருக்கும் பழைய வெள்ளைப் பெட்டி வைஃபை வழியாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும், வண்டி வந்துவிடும். ஒருமுறை அப்படி வந்துதான் பிழைத்தான். "என் நெஞ்சுக்குள்ள நடக்கறதைக்கூடப் போட்டுக் குடுக்குதுண்ணே, நம்ம அத்தை மாதிரி" என்றான் திரும்பி வந்து. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: இனி அடிக்கடி தடுமாறும், பெட்டி விழித்திருக்கும்வரை பயமில்லை.

இணைப்பைத் திரும்பக் கொடுத்தேன். பொறுமையாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் போனைப் பார்த்து அறிவித்தான்: "மக்களே, வர்ற வெள்ளிக்கிழமை எங்கண்ணன் கல்யாணக் கதை. ஒரு ஜன்னல், ரெண்டு காலு, ஒரு கட்டி சோப்பு. தவறாம வந்துடுங்க."

என் கல்யாணத்தன்று காலையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. குளியலறை ஜன்னல் வழியாகப் போய்விடப் பார்த்தேன், இடுப்பில் மாட்டிக்கொண்டேன். வாண்டுதான் சோப்பைக் குழைத்துத் தடவி, காலைப் பிடித்து உள்ளே இழுத்து, துடைத்து, மேடைக்கு அனுப்பினான். நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த அறையில் இருக்கிறாள். சற்று மெதுவாகப் பேசலாம்.

அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம்டா."

"சும்மா இருண்ணே. வாழ்க்கையிலயே நீ அந்த ஒரு தடவைதான் மனுஷன் மாதிரி நடந்துக்கிட்டே. அதை நாலு பேர் தெரிஞ்சுக்க வேணாமா?"

மறுநாள் ரூட்டர் பழுது பார்க்கும் பெண்மணியை வரவழைத்தேன். கெட்டிக்காரி.

"சார், மூணு விதம் இருக்கு. முதலாவது ரொம்பப் பழசு, அது பூட்டே இல்ல, வாசல்ல கட்டின ரிப்பன். ரெண்டாவது நல்ல பூட்டு. மூணாவது புதுசு, அதைவிட நல்ல பூட்டு. ஆனா பழைய சாமான் எதுவும் அதுல சேராது. ரெண்டாவதையும் மூணாவதையும் கலந்து வெச்சுடவா?"

"கலப்பு எங்க குடும்பத்துல வழக்கமில்ல. பழைய சாமான் சேரலைன்னா கத்துமா?"

"கத்தாது சார். சத்தமில்லாம கழண்டுக்கும். சின்னதா ஆரஞ்சு லைட் எரியும், அவ்வளவுதான். வீட்ல பழசு ஏதாச்சும் இருக்கா?"

"நான் மட்டும்தான்."

அவள் சிரித்தாள். தம்பியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மூன்றாவதைப் போடச் சொன்னேன். கடவுச்சொல்லில் பெயரோடு எண்ணும் சேர்த்தால் நல்லது, யாருக்கும் தெரியாத எண்ணாக இருக்கட்டும் என்றாள். அப்படியே வைத்தேன். தம்பியின் போனை வாங்கி, திரையைக் கையால் மறைத்து, நானே போட்டுக் கொடுத்தேன். நேரலைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"அண்ணே, பொட்டி பச்சையா இருந்துச்சு, இப்பப் பழுத்துடுச்சே?" என்றான்.

"ரூட்டருக்குப் புதுப் பூட்டு. பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

"நீ சொன்னா சரிதான்."

வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை அவன் கேலி செய்யாமல் ஏற்றுக்கொண்டது அன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். தம்பி வெளியூர் போயிருக்கிறான், பெட்டியை அணைத்து வைத்திருக்கிறோம் என்றேன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். நான் இதே நாற்காலியில் இருந்தேன். ஒருமுறை "அண்ணே" என்று கூப்பிட்டான். எனக்குக் காது மந்தம் என்று என் வக்கீல் சொல்லக்கூடும். நம்பாதீர்கள், எங்கள் பரம்பரையில் யாருக்கும் காது மந்தமில்லை. நான் எழுந்திருக்கவில்லை. முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

ரூட்டரைத் திறந்து பார்க்கக் கடவுச்சொல் வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். வாண்டு, அவன் பிறந்த வருடம், ஒரு கோடு, இந்த வருடம்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஆம், அந்தப் பெண்மணி வந்த அன்றே வைத்ததுதான். அப்போது அவன் உள்ளே விசிலடித்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தான். தம்பி மேல் பாசமில்லாத அண்ணன் இப்படி ஒரு கடவுச்சொல் வைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடத் தயார். பெட்டியை எழுதுங்கள், நான் சொன்ன பொய்களை எழுதுங்கள், அவன் கூப்பிட்டதையும் எழுதுங்கள். ஜன்னலை மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் நாலு பேர் முன்னால் படிப்பார்கள்; குடும்பத்துக்கென்று ஒரு மானம் இருக்கிறது.