ராணியின் மூக்கு

ராயபுரம் டிராமில் என் முன் இருக்கையில் பழங்காசு வாங்கி விற்கும் ஒரு கடைக்கார அண்ணாச்சியும் ஒரு மீன்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரர் விற்கக் கொடுத்த பழைய வெள்ளி ரூபாயை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ராணிக்கு மூக்கு எங்கவே?"

"நேத்து இருந்திச்சி அண்ணாச்சி. ஒரே கறுப்பா கலீஜா கீதேன்னு புளியும் மணலும் போட்டுத் தேச்சேன்."

"கெடுத்தீரே! அந்தக் கறுப்போட கொண்டாந்திருந்தா இருவது ரூவா குடுத்திருப்பேன். இப்ப வெறும் வெள்ளி வெலதான்."

"இன்னா அண்ணாச்சி, அழுக்குக்கா துட்டு?"

"ஆமாவே. பழங்காசு சேக்குறவன் அந்தக் கறுப்பத்தான் கேப்பான். வேற இருந்தா தேய்க்காம கொண்டாரும்."

"ஐயையோ! இன்னொண்ண இப்பத்தான் வூட்ல பொண்டாட்டி கையில புளியோட குடுத்துட்டு வந்தேன்!"

டிராம் நிற்பதற்குள் அவர் குதித்து ஓடினார்.

"மூக்கு போறதுக்குள்ள ஓடும்வே!" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சியும் பின்னால் குதித்தார்.