செனான் சேர்ந்துவிட்டது

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, கண் கலங்கி நிற்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் மகளே! வணக்கம்.

நம் வேதியியல் துறைத் தலைவர், பேராசிரியர் அம்மையார் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தோம். ஆனால் என் மனத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக நிற்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டாமா?

செனான் என்றொரு வாயு. எதனோடும் சேராது என்று பேர் வாங்கியது. எங்கள் ஆய்வகத்தில் அதற்குச் 'சும்மா கேஸ்' என்றே பட்டப்பெயர். அதன் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அது யாரிடம் போய்க் கை நீட்டும்? அம்மையார் மட்டும் விடமாட்டார். "நிறைஞ்சிருக்கு, சரி. இறுக்கிப் பிடிச்சிருக்கான்னு பார்த்தீங்களா?" என்பார். அங்கேதான் சூட்சுமம்! ஹீலியமும் நியானும் சின்ன அணுக்கள். கருவின் பிடி உடும்புப்பிடி. செனான் பெரிய அணு. வெளி எலக்ட்ரான்கள் கருவை விட்டுத் தள்ளி இருப்பதால் பிடி தளர்ந்திருக்கிறது. எலக்ட்ரானுக்கு அலையும் ஃபுளோரினைப் பக்கத்தில் விட்டுச் சூடும் கொடுத்தால் சேராமல் என்ன செய்யும்? உலகறிந்த உண்மை. ஆனால் இங்கே இரண்டு முறை முயன்றும் கைகூடவில்லை. மூன்றாம் முறையும் தோற்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு என்றது நிர்வாகம்.

மூன்றாம் முறை செனானையும் ஃபுளோரினையும் அடைத்த நிக்கல் கலத்தைச் சூடாக்கி, ஆறவைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் திரும்பவேயில்லை.

போன வாரம் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தினோம். கலத்தின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'சும்மா' என்று மட்டும் இருந்தது. காலிக் கலம் என்று நினைத்து, கழுவுவதற்குக் குழாயடிக்கே கொண்டுபோய்விட்டார் எங்கள் உதவியாளர்! உள்ளே தண்ணீர் பட்டிருந்தால் விஷப்புகையோ வெடிப்போ ஆகியிருக்கும்! தாயின் மூக்குக்கண்ணாடியை வாங்க வந்த மகள்தான் ஓடிப்போய் மறித்தார்.

"அண்ணே, கீழ வைங்க! எங்கம்மா 'சும்மா'ன்னு சொன்னா அங்க என்னமோ இருக்குன்னு அர்த்தம். 'சும்மாதான் கூப்பிட்டேன்'னு சொன்ன அன்னைக்கெல்லாம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்!"

உதவியாளருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கும்தான்.

மிச்ச வாயுவைப் பத்திரமாக வெளியேற்றி, ஈரம் படாமல் திறந்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று படிகங்கள்! இன்று காலை சோதனை முடிவும் வந்துவிட்டது. செனான் ஃபுளோரைடு! அப்பாடா! தோற்றவர் என்ற பேரோடு அவர் போகவில்லை. திறந்தவர்களும் பத்து விரலோடு உங்கள் முன் இருக்கிறோம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி ஏற்க எழுந்திருக்கிறேன். ஆனால் பூட்டு என் கையில் இல்லையே! முதல்வர் ஐயா, நீங்கள் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. தலையசைத்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"மூட மாட்டோம்ங்க."

கேட்டீர்களா மகளே? உங்கள் அம்மா ஜெயித்துவிட்டார்!