அரையடி மேடை

இல்லண்ணே, பெஞ்சை எத்தனை வேணா கழட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. இந்த மேடைமேல மட்டும் கை வைக்காதீங்க. நான் இறங்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்கு இங்கயே நிக்கறேன். இருபத்தாறு வருஷமா இதுமேல நின்னுதான் புள்ளியியல் நடத்தறேன், இன்னிக்கு ஒரு நாள் சும்மா நின்னா ஒண்ணும் ஆயிடாது.

நீங்களே என்னைப் பாருங்க. கூச்சப்படாம பாருங்கண்ணே. நாலடி எட்டங்குலம். மேடை அரையடி. ரெண்டையும் கூட்டினாத்தான் நான் ஒரு லெக்சரர். இது இல்லன்னா கடைசி பெஞ்சுக்கு என் கொண்டை மட்டும்தான் தெரியும். கொண்டை வந்து பாடம் நடத்துதுன்னு நினைச்சுக்குவாங்க. பசங்க எனக்கு வச்சிருக்கற பேரே அரையடிதான். எனக்குத் தெரியாதாம். 'அரையடி வருதுடா'ன்னு வராந்தாவுல கேக்கும், நான் செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரி ரெண்டு நிமிஷம் வெளியவே நிப்பேன். பாவம், அவங்க அடங்கட்டும்னு.

எல்லாம் அந்தச் சுற்றறிக்கையால வந்த வினை. சுற்றறிக்கைங்கற பேருக்கு ஏத்த மாதிரி எல்லாரையும் சுத்தி உக்காருங்கன்னு போட்டிருக்காரு பிரின்சிபால். கிளாஸ் ஆரம்பிச்சதும் அஞ்சு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடி சும்மா இருக்கணுமாம். மனசு படியுமாம். அப்புறம் பெஞ்சை வட்டமாப் போடணுமாம், ஆசிரியரும் அதுலயே உக்காரணுமாம், எல்லா ரூம்லயும் மேடையை எடுத்துடணுமாம். பதிலை எழுதத்தான் வேணும்னு இல்லையாம், படமா வரையலாம், நடிச்சுக் காட்டலாம், பேசாத பிள்ளைக்கு முதல் வாய்ப்பாம். நடிச்சுக் காட்டணுமாம்ணே... புள்ளியியல்ல எதை நடிக்கறது? நான் கூட்டல், நீ வகுத்தல்னா?

பக்கத்து ரூம் இலக்கியக்காரருக்கு என்ன, ஆறடி இருக்காரு. தரையில நின்னாலும் ஃபேன் இடிக்கும். அவர் கண்ணை மூடுங்கன்னு சொல்லவே வேணாம், அவர் வாயைத் திறந்தா பிள்ளைங்களுக்குத் தானா மூடிக்கும். என் கிளாஸ்ல என்ன ஆச்சு தெரியுமா? மொத நாள் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன், நானும் மூடினேன். திறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. லைட்டை அணைச்சு, ஃபேனை மெதுவா வச்சு, கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போயிருக்காங்க. முக்கால் மணி நேரம் தூங்கியிருக்கேன். போர்டுல 'தொந்தரவு செய்யாதீர்'னு வேற எழுதியிருக்கு. எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்குங்க, அந்த வரைக்கும் சந்தோஷம்.

பெஞ்செல்லாம் தரையோட முடுக்கியிருந்துச்சுல்ல, அதனால மறுநாள் வராந்தாவுல வட்டமா உக்கார வச்சேன், நானும் உக்காந்தேன். திட்ட விலக்கம்னா என்னன்னு ஆளுக்கொரு படம் போடுங்கன்னேன். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, எல்லாரும் சராசரிக்கு எவ்வளவு தூரத்துல நிக்கறாங்கங்கற கணக்கு. ஒருத்தன் பஸ் வரைஞ்சான், ஒருத்தன் என் கொண்டையை வரைஞ்சான், அதை விடுங்க. ஒரு பொண்ணு இருக்கு, பேச்சு திக்கும். ரெண்டு வருஷமா அட்டெண்டன்ஸுக்குக் கூட கையை மட்டும்தான் தூக்கும். அது ஒரு சாப்பாட்டு மேசை வரைஞ்சிருந்துச்சு. மேசையைச் சுத்தி அஞ்சு தட்டு. ஆறாவது தட்டு அடுப்படி வாசல்கிட்ட தரையில. 'இதெல்லாம் சராசரிக்குப் பக்கம் மேடம், அது என் தட்டு, விலக்கம் அதிகம்'னுச்சு. அந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு நிமிஷம் ஆச்சுண்ணே. ஒருத்தரும் சிரிக்கல. கொண்டை வரைஞ்ச பய கூட குனிஞ்சுக்கிட்டான்.

ஏம்மா இத்தனை நாள் வாயே திறக்கலன்னு கேட்டேன். 'நீங்க மேல நின்னு கேப்பீங்க, நான் எழுந்து மொத எழுத்தைப் பிடிக்கறதுக்குள்ள அடுத்த ஆளுக்குப் போயிடுவீங்க'ன்னுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. இத்தனை வருஷம் அந்தச் சூத்திரத்தை போர்டுல எழுதியிருக்கேன், விலகி இருக்கறதுன்னா என்னன்னு அந்தப் பொண்ணு படம் போட்டுத்தான் எனக்கு உறைச்சுது.

சரி, அதுக்காக என் மேடையை இடிக்கணுமா? அது வேற, இது வேற.

என்ன கேக்கறீங்க? இதெல்லாம் யாரு குடுத்த யோசனைன்னா? ...அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

நான்தான். சிரிக்காதீங்க, ஸ்க்ரூ உள்ள போயிடும். ஆபீஸ் வாசல்ல ஆலோசனைப் பெட்டின்னு ஒண்ணு வச்சாங்க. நமக்கு வாய் சும்மா இருக்குமா? கிண்டலா ஒரு கடுதாசி எழுதிப் போட்டேன். 'பாடம் நடத்தறதே தப்பு, எல்லாரும் வட்டமா உக்காந்து கண்ணை மூடுங்க, பரீட்சைக்குப் படம் போடுங்க, எல்லா ரூம்லயும் மேடையை இடிச்சுத் தள்ளுங்க'ன்னு. கையெழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதினேன். கிண்டல்ங்கறது பிரின்சிபாலுக்கு ஏறவே ஏறாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. மீட்டிங்ல கண்ணு கலங்கி வாசிச்சாரு, நம்மகூட ஒரு உண்மையான ஆசிரியர் பேரை மறைச்சுக்கிட்டு இருக்காருன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், தட்டாம இருந்தா சந்தேகம் வருமே. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன்.

இப்பப் போயி அது கிண்டல் சார்னு சொன்னா அந்தப் பொண்ணு பேசினதும் கிண்டலாயிடும். நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டா இதுக்கெல்லாம் என்னையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கிடுவாரு. அதான் அவர்கிட்ட போகாம இங்க வந்து மேடைமேல ஏறி நிக்கறேன்.

என்ன நீட்டுறீங்க? வேலைச் சீட்டா? குடுங்க. 'பெஞ்சுகள் மட்டும் கழட்டவும். இந்த அறை மேடையைத் தொட வேண்டாம். மேடத்துக்கு அது தேவை.' இது பிரின்சிபால் கையெழுத்துதானே.

ஏண்ணே, இதை மொதல்லயே நீட்ட வேண்டியதுதானே? வாயில ஸ்க்ரூ இருந்துச்சா, கையில என்ன இருந்துச்சு? எல்லாக் கதையையும் கறந்துட்டீங்களே.

...எல்லா ரூம்லயும் எடுக்கச் சொன்னவரு, என் உசரத்தை யோசிச்சு இதை மட்டும் விட்டிருக்காரு. எனக்கு யாரும் இப்படி யோசிச்சதில்லண்ணே, நிஜமாவே. ஆனா எல்லாரும் கீழ உக்காந்திருக்கும்போது நான் மட்டும் இதுமேல ஏறினா, அந்தப் பொண்ணு மறுபடியும் கையை மட்டும்தான் தூக்கும். உக்காந்துட்டா நெட்டை என்ன, குட்டை என்ன. வராந்தாவுல என் கொண்டையை யாரும் தேடலையே.

இறங்கிட்டேன், பாருங்க. எடுத்துடுங்க இதை.

என்ன, சீட்டுல எழுதாத வேலையைச் செய்ய மாட்டீங்களா? பிரின்சிபால்கிட்ட நான் சொல்லிக்கறேன். அட, எங்க போறீங்க, இந்தப் பக்கம் இன்னும் நாலு பெஞ்சு இருக்கு. டீ குடிச்சுட்டு வரீங்களா? பையைத் தூக்கிக்கிட்டா டீ குடிக்கப் போவாங்க? சரி போங்க, நான் தடுக்கல.

அந்தச் சுத்தியலை மட்டும் வச்சுட்டுப் போங்கண்ணே.