வெள்ளிக்கிழமை வட்டத்தில் நாம் சொன்ன ஆமென்

மைக்கைக் கண்டால் நடுங்கும் என்னையும் நம்பி மேடையேற்றிய எங்கள் ஜெபக்குழுத் தலைவர் செல்லையா ஐயா அவர்களே! மழையையும் மதிக்காமல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த பெரியோர்களே! விடிந்ததிலிருந்து பிரியாணிச் சட்டியோடு போராடிவிட்டு, முந்தானையால் முகம் துடைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசியும் கையுமாக இருக்கும் என் வயதுத் தோழர்களே, தோழியரே! புக்கிட் ரோத்தான் ஜெபக்குழுவின் நன்றி விழாவில் உங்கள் ஒவ்வொருவரையும் அன்போடு வணங்குகிறேன்.

கூடி ஜெபிப்பதால் வரும் நன்மையும் தீமையும்! இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. 'ஜெபத்தில் ஏதம்மா தீமை?' என்று அங்கே ஒரு தாய் புருவம் உயர்த்துவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், அம்மா. இனிப்பை முதலில் தருகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பேச எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, ஒரு வீட்டு வரவேற்பறையில், வட்டமாக நாம் உட்கார்ந்து கைகோக்கிறோமே, அப்போது எனக்கு வராத வார்த்தை என் பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறது. அவர் அழுதால் என் அழுகையும் சேர்ந்து போகிறது. அவர் சிரித்தால் என் வீட்டுச் சிரிப்பும் சேர்ந்து போகிறது. தனியாக நின்றால் தயக்கம். சேர்ந்து நின்றால் துணிச்சல்! இதைவிட இனிமை வேறு உண்டா?

உண்டு, பிரியாணி உண்டு என்கிறார் பின்னால் ஒரு தம்பி. வருகிறது தம்பி, வருகிறது!

இனி அடுத்த பக்கம். சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

நம் அன்னம்மா அத்தையின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். நீளமான ஜெபம், நெஞ்சைத் தொடும் ஜெபம். சில நேரம் நெஞ்சைக் குத்தும் ஜெபம்! அத்தையே சிரிக்கிறார், பாருங்கள். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னார்: "ஆண்டவரே, பெத்த புள்ளைய ஜெபத்துக்கு அனுப்பாம லோரிக்கு அனுப்புற தாய்மார மன்னிச்சிடுங்கப்பா!"

அந்த அறையில் லோரி ஓட்டும் மகனைப் பெற்ற தாய் ஒரே ஒருவர்தான். தாயம்மா அத்தை. அவர் மகன் புனிதன் அண்ணன் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமையும் வேலை.

நாம் என்ன செய்தோம்? யோசித்தோமா? இல்லை. வாய் பழகிப்போயிருந்தது. எல்லோரும் ஒரே குரலில், உரத்த குரலில், 'ஆமென்' என்றோம்!

ஒருவர் குத்தியிருந்தால் அது சிறு காயம். ஊரே ஆமென் சொன்னதால் அது தீர்ப்பாகிவிட்டது. தாயம்மா அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு வட்டத்தில் அவர் இடம் காலியாகவே கிடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் புனிதன் அண்ணனின் லோரி வாய்க்காலில் கவிழ்ந்தது. காலிலும் தலையிலும் பலத்த அடி. ஆப்பரேஷன் அறைக்கு வெளியே தாயம்மா அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். நாம் போனோம். அன்னம்மா அத்தை எல்லோருக்கும் பின்னால், முகம் வெளிறிப்போய் வந்தார்.

"என்னாக்கா," என்றார் தாயம்மா அத்தை. "இங்கயும் வந்து என்னைய மன்னிக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேக்கப் போறீங்களா?"

"இல்ல தாயம்மா. இன்னிக்கி ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

தாயம்மா அத்தை நகர்ந்து நீள நாற்காலியில் இடம் விட்டார்.

"ஒக்காருங்கக்கா. எனக்கு வாயே வரல. நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. ஆனா சுருக்கமா பண்ணுங்க லா. நீட்டுனா நர்ஸ் மிஸ்ஸி வந்து வார்ட்ட விட்டுத் தொரத்திடும்!"

அழுதுகொண்டிருந்த நாம் அழுகையோடு சிரித்தோம். அன்னம்மா அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, புனிதன் எங்க எல்லாருக்கும் புள்ள. காப்பாத்துங்கப்பா."

அலங்காரம் இல்லை. ஆலோசனை இல்லை. அடுத்தவர் குற்றம் இல்லை. ஆனால், அன்பர்களே, அன்றுதான் நாம் உண்மையிலேயே கூடி ஜெபித்தோம்!

கூடி ஜெபிப்போம், குத்திக்காட்ட அல்ல. கண்ணை மூடுவோம், பக்கத்தில் இருப்பவரின் வலியைக் காணாமல் இருக்க அல்ல. ஆமென் சொல்வோம், எதற்குச் சொல்கிறோம் என்று கேட்டுவிட்டுச் சொல்வோம்! ஒருவரை வெளியே தள்ளும் வட்டம் வட்டமா? வழி தவறியவரும் வந்து உட்காரலாம், வாய் வராதவரும் வந்து உட்காரலாம், வேலை முடித்து வியர்வையோடு வருபவரும் உட்காரலாம் என்று விரியும் வட்டமே வட்டம்!

இதோ, ஊன்றுகோலோடு மூன்றாம் வரிசையில் புனிதன் அண்ணன் இருக்கிறார். கைதட்டுங்கள்! இன்னும் பலமாக! அண்ணா, எழ வேண்டாம், கையசைத்தால் போதும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இதை நானே சொல்ல வேண்டும் என்று தாயம்மா அத்தை கேட்டுக்கொண்டார். வரும் வெள்ளிக்கிழமை ஜெபம் அவர் வீட்டில். கதவு திறந்திருக்கும், தோசை சுட்டு வைப்பாராம், முதல் ஜெபம் அன்னம்மா அத்தைதான் செய்ய வேண்டுமாம்!

என் நடுக்கத்தைப் பொறுத்து, நான் தடுமாறிய இடத்தில் தலையாட்டி, சிரித்த இடத்தில் சேர்ந்து சிரித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!